இரண்டு கிரெடிட்

மேசையைத் தட்டினார்கள். பதினான்காவது பொருள் தேறிவிட்டது. என்ன பொருள் என்று கேட்டால் தனுஷ்கோடிக்குச் சொல்லத் தெரியாது, இருந்தாலும் எல்லோரோடும் சேர்ந்து அவரும் தட்டினார், நான்கு விரலையும் சேர்த்து, மேசைக்கு வலிக்காமல். கல்விப் பேரவையில் அதுதான் வழக்கம். கை தூக்குவது, ஓட்டெடுப்பது எல்லாம் கிடையாது. பதிவாளர் ஒவ்வொரு பொருளாகப் படிப்பார், புதிதாக ஒரு பட்டப்படிப்பாக இருக்கும், அல்லது இருக்கிற பாடத்தில் கொஞ்சம் வெட்டிக் கொஞ்சம் ஒட்டுவதாக இருக்கும், படித்து முடித்து மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், யாரும் வாய் திறக்காவிட்டால் கூடியிருக்கிற பேராசிரியர்கள் அத்தனை பேரும் மேசையைத் தட்டுவார்கள், அவ்வளவுதான், அடுத்த ஜூனில் எங்கேயோ ஒரு பிள்ளை அதைப் படித்துத்தான் தீரவேண்டும். காலமெல்லாம் கரும்பலகையோடு மல்லுக்கட்டிக் கணிதத்துறைத் தலைவரானதற்கு இந்தப் பல்கலைக்கழகம் தனுஷ்கோடிக்குக் கொடுத்த பெரிய அதிகாரம் இந்தத் தட்டுதான். அதை அவர் ஒழுங்காகவே செய்துவந்தார். ஆனால் தட்டி முடித்ததும் கையை எடுக்கமாட்டார், உள்ளங்கையை அப்படியே பலகைமேல் வைத்திருப்பார். அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போகிற பழைய தேக்கு மேசை. அத்தனை பேரும் தட்டும்போது அதிர்வு மரத்துக்குள்ளேயே ஓடிவந்து மணிக்கட்டில் ஏறும், ஏறியதும் அவர் நிமிர்ந்து எதிரே பார்த்துவிடுவார். ஒவ்வொரு தடவையும். பார்த்தால் எதிரே வரலாற்றுத்துறைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விடுவார். வீட்டில் மேசை அதிர்ந்தால் நிமிர்ந்து பார்க்கவேண்டும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். யாரோ என்ன யாரோ, அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். செண்பகவல்லிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளைக் கூப்பிட அவர் மேசையைத் தட்டுவார், அவரைக் கூப்பிட அவளும் மேசையைத்தான் தட்டுவாள், குரல் என்று ஒன்று இருந்தும் அதை வெளியே எடுக்க அவளுக்குப் பிடிக்காது, கேட்கிறவர்கள் முகம் போகிற போக்கைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டாள். ஒரு தட்டென்றால் இங்கே பார். இரண்டென்றால் சாப்பிட வா. படபடவென்று தட்டினால் அன்றைக்கு மனுஷர் ஏதோ செய்யக்கூடாததைச் செய்திருக்கிறார். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. கழுத்துக்கு அது இன்னும் தெரியவில்லை, மேசை அதிர்ந்தால் நிமிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்று பேனா பதினைந்தாவது பொருளைப் படிக்க ஆரம்பித்தார். பதிவாளரின் பெயர் நல்லபெருமாள், முன்னால் வைத்திருக்கிற பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் தனுஷ்கோடியின் மனசுக்குள் அவர் மூன்று பேனா, அதாவது சட்டைப்பை இருக்கிற இடத்தில் மூன்று விரலை நட்டுவைத்துக் காட்டுவது. காது கேட்காதவர்கள் ஆளுக்கு ஆள் எழுத்துக்கூட்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார்கள், ஆளைப் பார்த்து ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்து அதையே பெயராக வைத்துவிடுவார்கள், வைத்தது வைத்ததுதான், அப்புறம் கலெக்டரானாலும் மாறாது. செண்பகவல்லி ஒரு கல்யாணத்தில் நல்லபெருமாளைப் பார்த்தாள், பட்டு ஜிப்பாவிலும் மூன்று பேனா குத்திக்கொண்டு வந்திருந்தார், வீடு திரும்புகிற ஆட்டோவிலேயே பெயர் சூட்டு விழா முடிந்துவிட்டது. இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வணிகவியல் இப்ராகிம் முந்திரிப்பருப்பு, இரண்டு விரலால் எதையோ பொறுக்கி வாயில் போடுவது. அவர் இந்த நிமிஷமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார், தட்டில் பிஸ்கட் மட்டும் மிச்சமிருக்கிறது. தனுஷ்கோடிக்கு அவள் வைத்த பெயர் இடது தோளைப் புறங்கையால் இரண்டு முறை தட்டிவிடுவது. சாக்பீஸ் தூள். எந்த நாள் வீட்டுக்கு வந்தாலும் இடது தோளில் வெள்ளையாக இருக்குமாம், இடது தோளில் எப்படி வரும், வலது கையால்தானே எழுதுகிறேன் என்று வருஷக்கணக்கில் அவளோடு வாதாடியிருக்கிறார், கணக்குப் போட்டுக்கூட நிரூபித்திருக்கிறார், அவள் மறுபடியும் தோளைத் தட்டிவிடுவாள். பிள்ளை குட்டி இல்லை. ஆக, அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட இப்போது இந்தப் பூமியில் யாருமில்லை. தலைமை நாற்காலியில் இருக்கிற துணைவேந்தர் அம்மாளைப் பார்த்தார். நல்ல உயரம், குட்டையாக வெட்டிய நரைமுடி, பேசும்போது மோதிரத்தைச் சுற்றிச் சுற்றி விடுகிற பழக்கம். இவர் பதவிக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, அதனால் இவருக்குப் பெயரே இல்லை. செண்பகவல்லிக்குப் பிறகு வந்தவர்கள் யாருக்குமே இல்லை. மோதிரம் என்று வைத்திருப்பாளா, முடியை வைத்திருப்பாளா, தானே ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அது முடியாது, காது கேட்கிறவர்கள் வைப்பது பெயரல்ல, அவள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். தட்டினார்கள். பதினைந்து. நிமிர்ந்தார், கொட்டாவி, குனிந்துகொண்டார்.

இன்னும் ஒன்று தாண்டினால் பதினேழு. பதினேழாவது பொருள் மருத்துவமனை நிர்வாகம், இளநிலைப் பட்டம், புதிது. கூட்டத்துக்கு முந்தின வாரம் தடித்தடியாக அனுப்புகிற கோப்பை இந்தப் பேரவையில் யாரும் பிரிப்பதில்லை, தனுஷ்கோடி மட்டும் பிரிப்பார், வேறு வேலை இல்லை, படிப்பார் என்றும் சொல்லமுடியாது, எண்களைக் கூட்டுவார். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று ஒரு எடை உண்டு, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதை வைத்துப் போடுவது, அதையெல்லாம் கூட்டினால் பட்டத்துக்கு வேண்டிய மொத்தம் வரவேண்டும். நான்காவது செமஸ்டருக்கு அடியில் இருபத்திரண்டு என்று போட்டிருந்தது. மேலிருந்து கூட்டினார், இருபது. கீழிருந்து கூட்டினார், இருபது. எந்தக் குழுவிலோ எந்த மகானோ ஒரு பாடத்தைத் தூக்கிவிட்டு மொத்தத்தைத் திருத்த மறந்துவிட்டான், அதற்கப்புறம் வந்த குழுக்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருக்கின்றன. இரண்டு கிரெடிட் பள்ளம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். பொட்டலத்தை மூடுகிறமாதிரி அந்தக் கோப்பை மூடிவைத்துவிட்டுப் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை, அந்த இரண்டு மணி நேரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பெஞ்சுகளை வரிசையாகப் போடக்கூடாது, வட்டமாகப் போடவேண்டும், எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரியவேண்டும். வருகைப்பதிவு கிடையாது, முதல் வகுப்பில் ஆளுக்கொரு பெயர், அதற்குக் காது கேட்காத ஒருவரைக் கூட்டிவரவேண்டும், அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்து அவர் பெயர் வைப்பார். விளக்கைப் போட்டு அணைத்தால் கவனி என்று அர்த்தம். ஒரே சமயத்தில் முப்பது ஜோடிக் கை எழும்புகிற சத்தமில்லாத வகுப்பு. மே மாதத்தோடு ஓய்வு என்றால் என்ன, சம்பளமே வேண்டாம், சும்மா வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டால் வேண்டாமென்பார்களா. பிறகு வராந்தாவில் நடக்கும்போது ஏதோ ஒரு பெண் அந்தக் கோடியிலிருந்து அவரைப் பார்த்துவிட்டு இடது தோளைத் தட்டிக் கூப்பிடும். சார், நாளைக்கு வகுப்பு உண்டா. இவர் இந்தக் கோடியிலிருந்து பதில் சொல்வார். அதை நினைத்தபோது இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்த தனுஷ்கோடி தன் கை இரண்டும் தானாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், பார்த்ததும் வெட்கமாகிப்போய்ப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. சைகை மொழி. வாய்க்குள் சொல்லிப்பார்த்தார். இந்த மேசையில் அவர் கடைசியாக எப்போது பேசினார் என்று அவருக்கே நினைவில்லை. குரலும் இப்போது சரியில்லை, வீட்டில் அதற்கு வேலை இல்லாததால் காலையில் முதல் வகுப்பில்தான் வெளியே வருகிறது, வரும்போது துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம், முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள். அதாவது பரவாயில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் செண்பகவல்லியைச் சொல்லவேண்டும். அவளை இவர்களிடம் அவர் சொன்னதேயில்லை. அவளே விரும்பமாட்டாள், வெளியே போனால் கையைக் கட்டிக்கொண்டு வருவாள், பஸ்ஸில் பேசினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், அதனால் கோவில், கல்யாணம், கடைத்தெரு எங்கேயும் இரண்டு பேரும் வாயடைத்தவர்களாகப் போய்விட்டு வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசுவார்கள், அவள் செருப்பைக்கூடக் கழற்றமாட்டாள். ஊருக்கு அவர்கள் அமைதியான தம்பதி. அந்த வீட்டில் எவ்வளவு வம்பு பேசப்பட்டது என்று ஊருக்கு என்ன தெரியும். அவள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காது கேளாதோர் சங்கத்துக்குப் போனார், மாதாமாதம் அவளோடு போகிற இடம்தான். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து வந்தார்கள். அவளுடைய பெயரைச் சொன்னார்கள், சொல்லிவிட்டு உள்ளங்கையைக் கவிழ்த்தார்கள், செத்துப்போனதைச் சொல்வது அப்படித்தான், ஒருவர் மாற்றி ஒருவர், தோளைத் தொட்டுத் திருப்பி நிறுத்தி அவள் மொழியிலேயே அவள் செத்ததை அவரிடம் சொன்னார்கள். அதுவரைக்கும், மற்றவர்கள் வாயால் சொன்னபோது, அது ஒரு செய்தியாக மட்டும் இருந்தது. அதற்கப்புறம் அவர் அங்கே போகவில்லை.

அவளுடைய முதல் வார்த்தை இல்லை என்பது. கோவில்பட்டியில் பெண் பார்க்கப் போனபோது காது கேட்காத பெண் என்று தெரிந்துதான் போனார்கள், தனுஷ்கோடிக்கும் அப்போது வயது ஏறிக்கொண்டிருந்தது, எதோடும் பொருந்தாமல் சுற்றிக்கொண்டிருந்த ஜாதகம். கேசரி வந்தது, காபி வந்தது, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா, பாவம், எல்லா வீட்டிலும் கேட்டுக்கேட்டு வாய்க்குப் பழகிப்போனதால், "பொண்ணு பாடுமா?" என்று கேட்டுவிட்டாள். பெண்ணின் அப்பா தரையைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். உதட்டைப் படித்துவிட்ட செண்பகவல்லி மட்டும் தலையை நிமிர்த்தி, நேராக இவரைப் பார்த்து, வலது கையை லேசாகத் தூக்கி விரல்களை விரித்து உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். இல்லை. கடைக்காரன் சரக்குத் தீர்ந்துபோச்சு என்று காட்டுவது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக, கண்ணில் ஒரு சிரிப்போடு. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கையைத் தூக்கி உள்ளங்கையை அவள் பக்கம் காட்டி ஆட்டினார். பரவாயில்லை. அதுதான் அவருடைய முதல் வார்த்தை. பின்னால் அவள் அதைச் செய்து காட்டிக் கேலி செய்வாள், பஸ்ஸுக்கு டாட்டா காட்டுகிற பிள்ளை மாதிரி இருந்தது என்பாள். தட்டினார்கள். பதினாறு. இப்போது நிமிரவேண்டாம் என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், இருந்தும் நிமிர்ந்தார். தட்டும் சத்தம் அடங்கியதும் ஒரு பாதி பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், கதவிடுக்கு வழியாகப் பிரியாணி வாசனை வர ஆரம்பித்திருந்தது.

அவள் கையைக் கட்டியிருந்தார்கள். இதைத்தான் நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோருக்கும் கட்டுவதுதானாம், நினைவு தப்பினபோது குழாயைப் பிடுங்கிவிடுவார்களாம், மெத்தென்ற துணிதான், காயம் படாது, கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியிலும் மணிக்கட்டைச் சேர்த்து. ஆஸ்பத்திரிக்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. நர்ஸ் பெண் நல்ல பெண், முகக்கவசத்துக்குள்ளிருந்து அவள் காதருகே போய்க் கத்திக் கத்திக் கேட்டது, "அம்மா, வலிக்குதாம்மா?" முகக்கவசம் போட்டால் உதடு தெரியாது, காதில் கத்தினால் எதுவும் தெரியாது. தனுஷ்கோடி சொன்னார், சிஸ்டர், அவங்க கையாலதான் பேசுவாங்க, ஒரு கையையாவது அவுத்து விடுங்க. "சரி சார், பாத்துக்கறோம்" என்று அவிழ்த்தும் விட்டார்கள். அடுத்த ஷிஃப்டில் வேறு பெண், மறுபடியும் கட்டு. மறுபடியும் சொன்னார். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் புதிதாகச் சொல்லவேண்டியிருந்தது, சொல்ல அவரை உள்ளே விடவேண்டியிருந்தது, விடுவதற்கு ஒரு நேரம் இருந்தது. கடைசியாகக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். கட்டுக்குக் கீழே விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மணிக்கட்டு இல்லாமல், முழங்கை இல்லாமல், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்க, வெறும் விரல். அதை எப்படிப் படிப்பது. கட்டைவிரல் சுட்டுவிரலைத் தொட்டுத் தொட்டு விலகியது. தண்ணீர் என்றால் உதட்டுக்குப் போகவேண்டும். வலி என்றால் முஷ்டி வேண்டும். விளக்கை அணை என்பதா, அதற்கு ஐந்து விரலும் சேரவேண்டும், சேர்ந்ததா, சேர்ந்த மாதிரியும் இருந்தது. வெறும் நடுக்கமாகக்கூட இருக்கலாம், டாக்டர் அப்படித்தான் சொன்னார். இருக்கலாம். மூன்று வருஷமாகக் குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது, வினாத்தாள் திருத்தும்போது அவருடைய கட்டைவிரல் சுட்டுவிரலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, வாக்கியம் மட்டும் வரவில்லை. அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, அது கை இல்லை வாய் என்று தெரிந்திருந்தால். மருத்துவமனையை நடத்தப் படிக்கிற ஒரு பிள்ளைக்காவது அது தெரிந்திருந்தால். இதுதான் காரணம், வேறு காரணம் எதற்கு. இதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"பொருள் எண் பதினேழு" என்றார் மூன்று பேனா. மேலாண்மைத்துறை ரெஜினா எழுந்து, இந்தப் படிப்புக்கு வேலைவாய்ப்பு எப்படி, பக்கத்து மாநிலத்தில் எப்படி என்று ஒப்பிக்கத் தொடங்கினார், நல்ல பெண், நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார், பசியில் யாரும் கேட்கவில்லை. ஒப்பித்து முடிந்தது. பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். விரல்கள் மேசைமேல் எழும்பின. விட்டால் போய்விடும், இதோ தட்டப்போகிறார்கள்.

"ஒரு கூட்டல் பிழை இருக்கு மேடம்." துருப்பிடித்த கதவுதான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எழும்பின விரல்கள் அப்படியே நின்றன.

"எங்க சார்?" என்றார் துணைவேந்தர்.

"நாலாவது செமஸ்டர். இருபத்திரண்டுன்னு போட்டிருக்கு. கூட்டினா இருபதுதான் வருது."

மேசை முழுக்கக் கோப்புகள் முதல்முறையாகப் பிரிபடுகிற சத்தம். யார் யாரோ செல்போனில் கூட்டினார்கள். ரெஜினாவின் முகம் சிவந்துவிட்டது, "மூணு கமிட்டி பார்த்துச்சு மேடம், ஒருத்தரும் சொல்லலியே" என்றார். துணைவேந்தர் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். "கணக்கு வாத்தியாரைப் பேரவையில வெச்சதுக்கு இன்னிக்குத்தான் பலன்." எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை. "திருப்பி அனுப்பினா ஒரு வருஷம் போயிடும். ரெண்டு கிரெடிட்தானே, ஏதாவது ஒண்ணைப் போட்டு இங்கயே முடிச்சிடலாம். சொல்லுங்க." உடனே வந்து விழுந்தன, யோகா என்றார் ஒருவர், ஆளுமை மேம்பாடு என்றார் இன்னொருவர், சுற்றுச்சூழல் என்றார் வரலாறு, அது போன செமஸ்டரிலேயே இருக்கிறது என்று யாரோ அவரை உட்காரவைத்தார்கள். "யோகாவே போட்டுடலாமே, நெஞ்சுக்கு நல்லது" என்றார் இப்ராகிம் பிஸ்கட்டை மென்றபடி.

"சைகை மொழி" என்றார் தனுஷ்கோடி.

துணைவேந்தர், "சைகை மொழின்னா, காது கேக்காதவங்களுக்கா?" என்றார். ஆமாம் மேடம். ஆஸ்பத்திரிக்கு அவங்களும் வருவாங்க. இதுவரைக்கும் நன்றாகவே வந்துவிட்டது. அடுத்தது என் மனைவி என்று தொடங்கவேண்டும், வாக்கியம் தயாராக நாக்கு நுனியில் இருந்தது, என் மனைவிக்கு, என்று வாயைத் திறந்தபோது துணைவேந்தர் கையை உயர்த்தி, "ரொம்ப நல்ல யோசனை சார், நீங்க விளக்கவே வேண்டாம்" என்றார். மனசாரத்தான் சொன்னார். "எனக்கே தோணலை பாருங்க. ரெஜினா, போட்டுக்கோங்க." ஒரு நொடி தனுஷ்கோடியால் நம்பவே முடியவில்லை. வட்டமாகப் போட்ட பெஞ்சு, முப்பது ஜோடிக் கை. சந்தோஷம் என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா, கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. ரெஜினா அதற்குள் மடிக்கணினியில் எதையோ தேடி முகம் மலர்ந்துபோனார். "மேடம், அது அரசு இணையவழிப் பாடத்துலயே இருக்கு. கரெக்டா ரெண்டு கிரெடிட். பசங்க வீட்டுல இருந்தே வீடியோ பாத்துக்கலாம். பரீட்சையும் கொள்குறி வகைதான், நாமளே சிஸ்டத்துல போட்டுடலாம். டீச்சரே தேவையில்லை."

"அப்படியா, இன்னும் சுலபம்."

"அப்படி முடியாது மேடம்" என்றார் தனுஷ்கோடி. சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, இப்ராகிம் மெல்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "வீடியோவுல கத்துக்க முடியாது. எதிர்ல ஒரு ஆள் வேணும். நாம சொன்னா திருப்பிச் சொல்ல ஒரு ஆள் இருந்தாத்தான் அது வரும். நானே எடுக்கறேன் மேடம், எனக்குத் தெரியும். பணமெல்லாம் வேண்டாம்."

துணைவேந்தர் அவரைக் கனிவாகப் பார்த்தார், அந்தக் கனிவைத் தனுஷ்கோடிக்குத் தெரியும், ஷிஃப்ட் மாறுவதற்கு முன் நர்ஸ் பெண் பார்த்தது. "உங்களுக்கு மே மாசம் ரிட்டையர்மெண்ட் இல்லையா சார்? அதுக்கப்புறம் ஒருத்தரைச் சும்மா வகுப்பெடுக்க விட்டா ஆடிட்ல கேள்வி வரும். ஆள் போடலாம்னா பணியிடம் கேக்கணும், கிடைக்காதுன்னு உங்களுக்கே தெரியும். இப்போதைக்கு ஆன்லைன்ல ஆரம்பிக்கட்டும். நீங்க சொன்னது வந்துடுச்சே, அதுதானே முக்கியம்?" சைகை மொழி, இரண்டு கிரெடிட், இணையவழி என்று மூன்று பேனா எழுதிக்கொண்டார். கண்ணாடிக்கு மேலாக மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியாகத் தனுஷ்கோடியையும் பார்த்தார். என்ன சொல்வது, ஏதோ ஓர் அறையில் ஏதோ ஒரு பிள்ளை திரையில் ஓடுகிற கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும், தண்ணீருக்கான சைகை எது, அ, ஆ, இ, ஈ, சரியான விடையை அழுத்துக. அந்தப் பிள்ளையின் கை தட்டைவிட்டு எழும்பவே எழும்பாது. தட்டினார்கள். பசியில் மழை மாதிரித் தட்டினார்கள், இன்றைக்கு இவ்வளவு பலமாக எதற்கும் தட்டவில்லை. தனுஷ்கோடி குனிந்து பார்த்தார், அவருடைய கையும் தட்டிக்கொண்டிருந்தது, நான்கு விரலையும் சேர்த்து, ஒழுங்காக. அதிர்வு வந்து மணிக்கட்டில் ஏறியது, நிமிர்ந்தார், எதிரே நாற்காலிகள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன.

"வாங்க சார், ஆறிடப்போகுது" என்று இப்ராகிம் தோளைத் தொட்டார், வலது தோளை. நீங்க போங்க, வர்றேன். பேசிக்கொண்டே எல்லோரும் போய்விட்டார்கள், நல்லபெருமாள் போகிறபோது, "நல்ல பாயிண்ட் பிடிச்சீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில் ஏ.சி. இரைச்சல் மட்டும் இருந்தது. வெறும் மேசை எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிந்தது. தனுஷ்கோடி உள்ளங்கையைப் பலகைமேல் வைத்தார், குளிர்ந்திருந்தது. எதற்கென்றில்லாமல் ஒரு தட்டுத் தட்டினார். இங்கே பார். மேசையின் அந்தக் கோடியில் கேன்டீன் பேச்சியம்மாள் காபிக் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள், செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாருடனோ சண்டை போட்டபடி, இடுப்பை மேசையில் சாய்த்து நின்றிருந்தாள். தட்டின அதிர்வு அவள் இடுப்பில் போய் முட்டியிருக்கவேண்டும். சட்டென்று நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தாமலே முகவாயைத் தூக்கினாள். என்ன? தனுஷ்கோடியின் கை இரண்டும் மேசையை விட்டு எழும்பின, அவர் எழுப்பவில்லை, ஒரு கை மேலே போய் ஒரு கை கீழே இறங்கி டீ ஆற்றிக் காட்டின. டீ இருக்கிறதா? பேச்சியம்மாள் பக்கத்திலிருந்த பிளாஸ்க்கைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். கீழே வைத்தாள். போனில், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீ மொதல்ல வீட்டுக்கு வா" என்று சொல்லிக்கொண்டே வலது கையை லேசாக உயர்த்தி, விரல்களை விரித்து, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

இல்லை.

அவருக்குக் கண்ணை மறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் கையைத் தூக்கி, உள்ளங்கையை அவள் பக்கம் காட்டி, பஸ்ஸுக்கு டாட்டா காட்டுகிற பிள்ளை மாதிரி ஆட்டினார். பரவாயில்லை, பரவாயில்லை. பேச்சியம்மாள் அதற்குள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பியிருந்தாள்.